74 செட்டிங்குகளில் எதை எடுப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். ஐந்து வருடமாக நீங்கள் ஒரு கட்டற்ற மின்னூல் வாசிப்பானை எழுதிப் பராமரித்து வருகிறீர்கள். தொடங்கியபோது ஆறு செட்டிங். இன்று ஐந்து தாவல்களில் 74. புதிதாக நிறுவுகிறவர்கள் எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தையே கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறார்கள். பத்து செட்டிங்கைத் தூக்கிவிடலாமா என்று நீங்கள் கேட்டதுதான் தாமதம், பழைய பயனர்கள் கொதித்துவிட்டார்கள். ஒருவர் ஃபோர்க் செய்துகொண்டு, அதாவது மூல நிரலை நகலெடுத்துக்கொண்டு, தனியாகப் போய்விடுவேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எண்ணிக்கையை ஒரு பக்கம் வையுங்கள். ஐந்தே செட்டிங் வைத்துக்கொண்டு எரிச்சல் மூட்டும் நிரலும் உண்டு, ஐந்நூறு வைத்துக்கொண்டு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓடும் நிரலும் உண்டு. ஒவ்வொரு செட்டிங்கும் எந்த நாளில், எந்தச் சண்டையில் பிறந்தது என்று தோண்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பகுதி, பராமரிப்பாளர் எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவை எடுக்கத் தயங்கிப் பயனர் தலையில் கட்டியதால் வந்தவை. அவற்றை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய திட்டங்களே அதில்தான் சறுக்கியிருக்கின்றன.

உங்கள் பட்டியலிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். "கடைசியாகப் படித்த பக்கத்தை நினைவில் வை" என்று ஒரு டிக் பெட்டி. புத்தகம் படிக்கிறவர் யார் இதை அணைப்பார்? எனக்குப் புரியவில்லை, நிரலில் செய்த மாற்றங்களின் பதிவான கமிட் வரலாற்றைப் போய்ப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் பக்க எண்ணைச் சேமிக்கும் கோப்பு சில கணினிகளில் கெட்டுப்போய், நிரலே திறக்காமல் இருந்திருக்கிறது. அவசரத்துக்கு அந்த வசதியை அணைக்க ஒரு பெட்டி வைத்தீர்கள். இரண்டு மாதத்தில் வழுவைச் சரிசெய்துவிட்டீர்கள். பெட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. கட்டி முடித்த வீட்டில் அவிழ்க்க மறந்த சாரம் மாதிரி.

இந்த வகையை 2002-லேயே ஒருவர் தோலுரித்திருக்கிறார். லினக்ஸ் கணினிகளின் திரைச் சூழல்களில் ஒன்றான க்னோம் மேசைத்தளத்தின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரான ஹேவக் பெனிங்டன். கட்டற்ற மென்பொருளில் யாராவது ஒரு வழுவைப் பற்றி முறையிட்டால் அதைச் சரிசெய்யாமல் ஒரு செட்டிங்கைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. இப்படியே போனால் கடைசியில் "தயவுசெய்து என் நிரலைச் சரியாக்கு" என்றே ஒரு டிக் பெட்டி வைக்க வேண்டியிருக்கும் என்று கிண்டலடித்தார். செட்டிங் இலவசம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்று அவர் எழுதியதுதான் பிறகு க்னோமின் போக்கையே மாற்றியது.

அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு, திரையில் சாளரங்களைக் கையாளும் நிரலான சாளர மேலாளர் ஒன்றே போதும். க்னோம் முன்பு பயன்படுத்தியது சாஃபிஷ். லிஸ்ப் மொழியில் எழுதி எழுதி அதை வளைக்க முடியாத வளைவே கிடையாது. அதன் இடத்தில் 2003-இல், க்னோம் 2.2-இல், பெனிங்டன் எழுதிய மெட்டாசிட்டி வந்து உட்கார்ந்தது. அதன் அறிமுகக் குறிப்பிலேயே, உங்களுக்குள் இருக்கும் பெரிய மனிதருக்கான சலிப்பூட்டும் சாளர மேலாளர் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. சாளரத்தை நகர்த்துவதும் மூடுவதும் ஒரு வேலை, அதற்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்ற மனநிலை. ஒரு கூட்டம் ஓடிப்போனது, பெருங்கூட்டம் எதையும் கவனிக்காமலேயே வேலையைத் தொடர்ந்தது.

ஓடிப்போனவர்கள் சும்மா போகவில்லை. 2005 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் ஆட்களைப் பகிரங்கமாகத் திட்டி, எல்லோரும் போட்டி மேசைத்தளமான கேடிஈக்குப் போங்கள் என்று எழுதினார். பயனர்களை முட்டாள்களாக நினைக்கிற மனப்பான்மை ஒரு நோய் என்பது அவர் வாதம். கோபத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஒரு வசதியை "யாருக்கும் தேவையில்லை" என்று முடிவு கட்டும்போது, அந்த "யாருக்கும்" என்பதில் நம்மைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேரைத்தான் எண்ணுகிறோம்.

சரி, விலை என்று சொன்னேனே, அது எவ்வளவு? கணக்கு எளிது. ஆன்–ஆஃப் செட்டிங் பத்து இருந்தால் நிரல் ஓடக்கூடிய விதங்கள் 1,024. இருபது இருந்தால் 10,48,576. உங்கள் 74-உம் ஆன்–ஆஃப் என்று வைத்தால் வருவது 23 இலக்க எண். எல்லாம் ஒன்றோடொன்று மோதாது என்பது உண்மைதான். எது எதோடு மோதும் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதும் உண்மை. நீங்கள் டெஸ்ட் செய்வது உங்கள் கணினியில் இருக்கும் ஒரே ஒரு சேர்க்கையை. மீதி எல்லாவற்றையும் பயனர்கள்தான், கேட்காமலேயே, உங்களுக்காக டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நான் அறிந்ததில் மிக மோசமான உதாரணம், இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எல்லோரும் அந்த நிரலைப் பிரித்து மேய்ந்தார்கள். அதில் நினைவகத்தை விடுவித்ததும் இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமல் தானே ஒரு பட்டியலில் வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது. சில தளங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக இருந்ததால் வேகத்துக்காகச் செய்தது. அந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் கம்பைல் செய்யும்போது (மூல நிரலை ஓடும் நிரலாக்கும்போது) அணைக்க ஒரு தெரிவும் இருந்தது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர் டெட் உனாங்ஸ்ட் அதை அணைத்துப் பார்த்தார். ஓப்பன்எஸ்எஸ்எல் ஓடவில்லை. உள்ளே ஓரிடத்தில் ஒரு இடத்தை விடுவித்துவிட்டு, அடுத்த நொடியே அதே இடம் அதே உள்ளடக்கத்தோடு திரும்பக் கிடைக்கும் என்று நம்பி எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இருந்ததால் தற்செயலாக அது நடந்துகொண்டிருந்தது. தெரிவு ஆவணத்தில் இருந்தது, நிரலில் இருந்தது, அந்த வழியில் நடந்து பார்த்தவர்கள்தான் இல்லை. அது வெறும் செத்த தெரிவாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கெட்ட நிரல் வரி ஒன்று அதன் நிழலில் வருடக்கணக்கில் ஒளிந்திருந்தது.

உங்கள் பட்டியலில் "பழைய வரைவு இயந்திரத்தைப் பயன்படுத்து" என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது நீங்களே ஓட்டிப் பார்த்தீர்கள்? பதில் எனக்கு வேண்டாம்.

இதுவரை படித்துவிட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மனிதர்கள் உண்மையிலேயே வேறுபடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே செட்டிங் இருந்தே ஆகவேண்டும், எவ்வளவு யோசித்தாலும் ஒரே நல்ல விடை கிடைக்காது. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் தமிழ்த் தட்டச்சு. தமிழ்99-இல் "அம்மா" என்று அடிக்க ஆங்கில விசைப்பலகையின் ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவருக்கு இது அந்நிய மொழி. பழைய தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்த ஒருவரை உட்கார வையுங்கள். "கெ" அடிக்கும்போது அவர் விரல் முதலில் கொம்புக்குத்தான் போகும், பிறகுதான் க. அவரைத் திருத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை, அது நாற்பது வருடப் பழக்கம். லினக்ஸில் எம்17என் என்ற உள்ளீட்டு நூலகம் வழியாகத் தமிழுக்கு அரை டஜன் விசைப்பலகைகள் கிடைப்பது அதனால்தான். அங்கே போய் எளிமை என்ற பெயரில் மூன்றை எடுத்தால், எடுத்தது செட்டிங் அல்ல, ஆட்களை.

ஆக, ஒரு செட்டிங்கைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இதுதான்: இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு உண்மையான ஆட்களை என்னால் கற்பனை செய்ய முடிகிறதா? எழுத்தின் அளவு, முடிகிறது. இரவில் கறுப்புப் பின்னணி, முடிகிறது. பக்கம் திருப்பும் அசைவு 180 மில்லிநொடியா 220-ஆ? முடியவில்லை. அசைவே வேண்டாம் என்கிறவர் இருக்கிறார், சிலருக்கு அசைவைப் பார்த்தால் தலைசுற்றும். அவருக்கு ஆன்–ஆஃப் போதும். அதுவும் இயங்குதளத்திலேயே "அசைவைக் குறை" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார், அதைப் படித்துக்கொண்டால் உங்கள் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம்.

"பத்தியை இருபுறமும் சீராக்கு" என்பது இன்னொரு சுவாரசியமான கேஸ். இதற்காக உங்கள் திட்டத்தில் நடந்த சண்டையைப் படித்தேன். ஆங்கிலப் புத்தகம் படிக்கிறவர்கள் சீராக்கு என்கிறார்கள், தமிழ் படிக்கிறவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். இருவரும் சொல்வது சரி. "போய்க்கொண்டிருந்தவர்களையும்" மாதிரி ஒரு சொல் வரி முடிவில் வந்து அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், மிச்சமிருக்கும் மூன்று சொற்களுக்கு நடுவே தேர் ஓட்டலாம். கைபேசி அகலத்தில் இன்னும் கோரம். இதற்கு டிக் பெட்டி மருந்தல்ல. புத்தகத்தின் மொழி எது என்பது இபப் என்ற மின்னூல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. தமிழ் என்றால் இடப்பக்கம் மட்டும் சீர், அல்லது வரி முடிவில் சொல்லை உடைக்கும் சொற்பிரிப்போடு இருபுறமும் சீர். டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு நிரலின் உலகில் தமிழுக்கான சொற்பிரிப்பு விதிக்கோப்பு எப்போதோ வந்துவிட்டது. அதைச் சேர்க்க இரண்டு வார இறுதிகள் ஆகும், டிக் பெட்டி வைக்கப் பத்து நிமிடம். நாம் எல்லோரும் பத்து நிமிட வழியைத்தான் எடுக்கிறோம், நானும்தான். கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஃபிஷ் ஷெல்லின் வடிவமைப்பு ஆவணம் இதை இன்னும் முரட்டுத்தனமாகச் சொல்கிறது: பயனருக்கு என்ன வேண்டும் என்று நிரலால் கண்டுபிடிக்க முடியாமல் தோற்ற இடங்கள்தான் செட்டிங்குகள் என்ற அளவுக்குப் போகிறது. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், தட்டச்சு உதாரணம் ஒன்றே அதற்கு எதிர்ச்சான்று.

நடை, அழகு சார்ந்த சண்டைகளுக்கு வேறு ஒரு தீர்வு உண்டு: தெரிவே கொடுக்காமல் இருப்பது. கோ என்ற நிரல்மொழியின் கோஃபம்ட் கருவி, நிரல் வரிகளை எப்படி அடுக்குவது என்பதில் யார் விருப்பத்தையும் கேட்பதில்லை. அதே வேலையை ஜாவாஸ்கிரிப்டுக்குச் செய்யும் ப்ரெட்டியர் கேட்டது, கேட்டதற்கு வருந்தி, வரலாற்றுக் காரணங்களால் சில தெரிவுகள் இருக்கின்றன, இனிச் சேர்க்க மாட்டோம் என்று எழுதியே வைத்துவிட்டது. ஆனால் இது முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருப்பவர்களுக்கு வாய்க்கும் வசதி. ஐந்து வருடம் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு ஆறாவது வருடம் திடீரென்று கோஃபம்ட் ஆக முடியாது.

இங்கேதான் உங்கள் உண்மையான சிக்கல் இருக்கிறது. முதலிலேயே இல்லாத வசதியை மக்கள் மன்னிப்பார்கள். இருந்து பிடுங்கியதை மன்னிக்க மாட்டார்கள். 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 அதற்குப் பாடப்புத்தகம். சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான் டீஃபால்டில், அதாவது யாரும் எதையும் மாற்றாதபோது இருக்கும் நிலையில், போய்விட்டது. கணினியை அணைக்க மெனுவைத் திறந்தால் "உறங்கச் செய்" மட்டும்தான் இருக்கும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் "அணை" என்று மாறும். ஆல்ட்டை அழுத்திப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கணினியை எப்படி அணைப்பது என்று இணையத்தில் தேடிய கணினிப் பொறியாளர்களை நான் அறிவேன், அதில் ஒருவரை மிக நெருக்கமாக. பின்னாளில் "அணை" பொத்தான் திரும்பி வந்தது. அதற்குள் அர்ஜென்டினாவில் ஒருவர் க்னோம் 2-ஐ ஃபோர்க் செய்து மாட்டே என்று தொடங்கிவிட்டார், லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற தன் மேசைத்தளத்தைக் கட்டிவிட்டது. லினஸ் எக்ஸ்எஃப்சிஈ என்ற இன்னொரு மேசைத்தளத்துக்குப் போய்விட்டு, 2013-வாக்கில் நீட்சிகளை (வசதி கூட்டும் துணை நிரல்களை)ப் போட்டுக்கொண்டு க்னோமுக்கே திரும்பினார்.

ஃபயர்பாக்ஸ் செய்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் வந்த 23-ஆம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டை அணைக்கும் பெட்டியையும் படங்களைத் தடுக்கும் பெட்டியையும் செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். கைதவறி அதில் ஒன்றைத் தட்டியவருக்கு அடுத்த நாள் எந்தத் தளமும் சரியாக வராது, காரணமும் புரியாது, உலாவி கெட்டுவிட்டது என்று வேறொன்றுக்குப் போய்விடுவார். கவனியுங்கள், பெட்டியைத்தான் எடுத்தார்கள். உள்ளே இருந்த மாறி, அபவுட்:கான்ஃபிக் என்ற ஒதுக்குப்புறமான அமைப்புப் பக்கத்தில் அப்படியே இருந்தது. தெரிந்தவர் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், வாசலிலேயே உத்தரவாதம் ரத்தாகலாம் என்று ஒரு குறும்பான எச்சரிக்கை வேறு. சத்தம் எழுந்தது, ஃபோர்க் அளவுக்குப் போகவில்லை. கண்ணில் படும் இடத்திலிருந்து ஒரு செட்டிங்கை விலக்குவதும் அதை ஒழிப்பதும் வேறு வேறு. உங்கள் பத்தில் முதலில் செய்ய வேண்டியது இந்த விலக்கல்தான்.

ஒழிப்பதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். கோப்புகளை நகலெடுத்துக் காக்கும் ஒரு சிறு நிரலை முன்பு பராமரித்தேன். யாரும் பயன்படுத்தாத ஒரு சுருக்கத் தெரிவை ஒரு பதிப்பில் எடுத்துவிட்டேன், வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரியும் எழுதினேன். வெளியீட்டுக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? ஒரு சிறு அலுவலகத்தில் அது இரவு பதினொன்றுக்குத் தானாக ஓடும்படி வைத்திருந்தார்கள், அமைப்புக் கோப்பில் அந்தத் தெரிவும் இருந்தது. புதுப்பதிப்பு "அறியாத தெரிவு" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. சொன்னது யாரும் பார்க்காத ஒரு பதிவுக் கோப்பில். மூன்று வாரம் நகலே எடுக்கப்படவில்லை. நல்லவேளை, வட்டு சாவதற்கு முன் ஒருவர் கவனித்து என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். எடுத்த தெரிவின் பெயரை நிரல் பல பதிப்புகளுக்கு அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், முணுமுணுக்கலாம், ஆனால் வேலையை நிறுத்தக்கூடாது. இதை நான் அந்தத் தொலைபேசி அழைப்பில் கற்றேன்.

டீஃபால்டை மாற்றுவதும் இதே ரகம்தான். அதை ஒழுங்காகச் செய்தவர்கள், நிரல் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட் கருவியின் ஆட்கள். முன்பெல்லாம் வெறுமனே "கிட் புஷ்" என்று அடித்தால், இங்கும் சர்வரிலும் ஒரே பெயர் கொண்ட எல்லாக் கிளைகளும் (தனித்தனியாக வளரும் நிரல் பிரதிகள்) சேர்ந்து போகும். நீங்கள் இன்று வேலை செய்த கிளையை அனுப்ப நினைத்திருப்பீர்கள், ஆறு மாதமாகத் தொடாத மூன்று கிளைகளும் கிளம்பியிருக்கும். புதியவர்களுக்கு இது கண்ணிவெடி. இப்போது இருக்கும் கிளையை மட்டும் அனுப்பும் "சிம்பிள்" என்ற முறையை 2012-இல் 1.7.11 பதிப்பில் சேர்த்தார்கள், டீஃபால்டாக அல்ல. அடுத்து வந்த பதிப்புகளில் புஷ் அடிக்கும்போதெல்லாம், இந்த டீஃபால்ட் 2.0-இல் மாறப்போகிறது, பழைய மாதிரியே வேண்டும் என்றால் இந்தக் கட்டளை, புதியதை இப்போதே ஏற்க இந்தக் கட்டளை என்று இரண்டையும் நகலெடுத்து ஒட்டும்படி அச்சிட்டார்கள். இரண்டு வருடம் நச்சரித்தார்கள். 2014 மே மாதம் 2.0 வந்து டீஃபால்ட் மாறியபோது எல்லோரும் எப்போதோ முடிவெடுத்திருந்தார்கள். எரிச்சலான இரண்டு வருடம்தான். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

விம் என்ற உரைத் தொகுப்பி வேறு ஒரு தந்திரம் செய்தது. அதன் முன்னோடியான விஐ காலத்து டீஃபால்டுகளைப் பழையவர்களுக்காகவே காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் வந்த விம் 8, சொந்தமாக விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பு இல்லாதவர்களுக்கு மட்டும் புதிய டீஃபால்ட் தொகுப்பு ஒன்றை ஏற்றியது. சொந்தக் கோப்பு வைத்திருப்பவர் ஏற்கெனவே தன் வழியைப் பார்த்துக்கொண்டவர், அவரைத் தொட வேண்டாம் என்ற கணக்கு. அருமையான யோசனை, உங்களுக்கு அப்படியே பொருந்தும்: புதிதாக நிறுவுபவருக்குப் புதிய டீஃபால்ட், மேம்படுத்துபவருக்கு அவர் இதுவரை பார்த்தது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அந்தத் தொகுப்பு முனையத்தில் மவுஸைப் பிடித்துக்கொண்டது. சர்வருக்குள் நுழைந்து, அங்கே விம்ஆர்சி எதுவும் இல்லாமல், ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து நகலெடுக்கப் பழகியிருந்த நிர்வாகிகள், விம் 8-ஐக் கொண்ட டெபியன் 9 லினக்ஸ் வந்ததும் கத்தினார்கள். கோப்பு இல்லை என்றால் புதியவர் என்று அர்த்தமில்லை, விருந்தாளியாக வந்த பழையவராகவும் இருக்கலாம்.

நீட்சிகளுக்கு வழி திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் கேள்வியின் கீழே ஒருவர் சொல்லியிருந்தார். பாதி சரி. ஃபயர்பாக்ஸின் பழைய நீட்சிகள் உலாவியின் எந்த உறுப்பையும் தொடலாம் என்று இருந்ததால், ஒரு கட்டத்தில் உலாவியின் உள்ளே எதை நகர்த்தினாலும் யாராவது ஒருவருடைய நீட்சி உடைந்தது. உள்ளே இருந்த அத்தனையும் எழுதாத வாக்குறுதியாகிவிட்டது. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பில் அந்த வழியையே மூடினார்கள், பல பிரியமான நீட்சிகள் அன்றோடு செத்தன. க்னோம் நீட்சிகளும் இதே கதை, 2023-இல் க்னோம் 45 வந்தபோது எல்லா நீட்சிகளையும் திருத்தியெழுத வேண்டியிருந்தது. நீட்சி என்பது உங்கள் 74 செட்டிங்கை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது. அவர் ஊரை விட்டுப் போனால் சத்தம் உங்களிடம்தான் திரும்பி வரும். திறப்பதானால் சின்னதாக, இவ்வளவுதான் உறுதி என்று எழுதிவைத்துத் திறங்கள். உங்கள் விஷயத்தில் பயனர் தன் சிஎஸ்எஸ் கோப்பு (பக்கத்தின் தோற்ற விதிகள் அடங்கியது) ஒன்றைச் சேர்க்க இடம் கொடுத்தாலே, ஓரம், வரி இடைவெளி, பத்தி இடைவெளி என்று பன்னிரண்டு செட்டிங் அதற்குள் அடங்கிவிடும்.

மீதியை எப்படி அடுக்குவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. விஎல்சி வீடியோ இயக்கி மாதிரி "எளியது", "அனைத்தும்" என்று இரண்டு பார்வை வைக்கலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, ஏனென்றால் "அனைத்தும்" என்பது குப்பை போடத் தோதான இடமாகிவிடும். தேடல் பெட்டி கட்டாயம் வேண்டும், அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேட முடிய வேண்டும். கேடிஈ 2020-இல், தன் மேசைத்தளத்தின் பிளாஸ்மா 5.20 பதிப்பில், ஒன்று செய்தது: டீஃபால்டிலிருந்து நீங்கள் மாற்றியவற்றை மட்டும் அடையாளமிட்டுக் காட்டும் பொத்தான். இதை உடனே திருடிக்கொள்ளுங்கள். பயனருக்கு "நான் எதையோ மாற்றிவிட்டேன், எதை?" என்ற கேள்விக்கு விடை, உங்களுக்கு ஒவ்வொரு வழு அறிக்கையோடும் ஒட்டி வரக்கூடிய ஐந்து வரிகள். அறுபது வரிக் கடிதத்தைவிட அந்த ஐந்து வரி அதிகம் சொல்லும்.

தரவே இல்லாமல் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பயன்பாட்டுத் தகவலைச் சேகரிக்கலாம், ஆனால் எல்லாச் செட்டிங்கையும் திருகுகிற ஆள்தான் முதல் வேலையாக அந்தச் சேகரிப்பையும் அணைத்திருப்பார். உங்கள் எண்களில் அவர் இருக்கவே மாட்டார். கணிப்புக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்: அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், ஹடூப் போன்றவற்றை ஆராய்ந்த 2015 ஆய்வு ஒன்றில், மோசமான நிலையில் பாதிக்கு மேற்பட்ட அமைவுகளை ஏறக்குறைய யாருமே தொடவில்லை என்று வந்தது. அவை சர்வர் மென்பொருள், அவற்றை இயக்குகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செட்டிங்கைத் திருகுகிறவர்கள். படுத்துக்கொண்டு நாவல் படிக்கிறவர் எத்தனை தொடுவார்?

அந்த ஃபோர்க் ஆளைப் பற்றி. பயப்படாதீர்கள். மாட்டே இன்றும் உயிரோடு இருக்கிறது, க்னோமும் இருக்கிறது. ஆனால் 74 செட்டிங்கையும் தனியாளாகப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அவரே யோசிப்பார். அவருக்குத் தனியாக எழுதுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், வாதமும் வேண்டாம். அவருடைய அமைப்புக் கோப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். டீஃபால்டிலிருந்து மாறியதை எண்ணிப் பாருங்கள், எட்டைத் தாண்டாது என்று நான் பந்தயம் கட்டுவேன். அந்த எட்டில், நீங்கள் எடுக்க நினைத்த பத்தில் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் ஒரு வழுவோ ஒரு நல்ல டீஃபால்டோ இருக்கும். கடைசிப் பக்கத்தை நினைவில் வைக்கும் பெட்டியை அவரும் அணைத்து வைத்திருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை.